கறி இல்லாத வாரநாள் இரவு: டப்பாவில் இருப்பதே போதும்

கேள்வி: எனக்குப் பனியன் கம்பெனியில் வேலை. வீடு வந்து சேர ஏழு மணி ஆகிவிடும். எங்கள் வீட்டில் வாரத்தில் பாதி நாள் கறி, மீன், முட்டை என்று ஏதாவது இருக்கும். புரட்டாசி பிறந்தால் மாதம் முடியும்வரை எதுவும் கிடையாது, மாமியார் கண்டிப்பு. ஞாயிற்றுக்கிழமை வாங்கும் காய் புதன்கிழமையோடு தீர்ந்துவிடுகிறது. அதற்குப் பிறகு சாம்பார், ரசம் என்று வைத்தால் பையன்கள் இரண்டு பேரும் தட்டைத் தள்ளுகிறார்கள். இப்போது வீட்டில் இருப்பவை: ஒரு பாக்கெட் மீல்மேக்கர், பொட்டுக்கடலை, நிலக்கடலை, பாசிப்பருப்பு, சின்ன வெங்காயம், பூண்டு, புளி, வரமிளகாய், மல்லி, சோம்பு, மிளகு, சீரகம், பட்டை, கிராம்பு. தக்காளி இல்லை, தேங்காயும் இல்லை. ஒரு மணி நேரத்துக்குள் கறிக்குழம்பு மாதிரி ஏதாவது செய்ய முடியுமா?
– ஒரு வாசகி, திருப்பூர்

பதில்: முடியும். உங்கள் பட்டியலில் கறிக்குழம்புக்கு வேண்டிய முக்கால்வாசி சாமான் இருக்கிறது. இல்லாதது கறி, தக்காளி, தேங்காய் மூன்றும்தான்.

கறிக்குழம்பில் நாக்கு தேடுவது நான்கு விஷயங்களை. பல்லில் கடிபட ஏதாவது வேண்டும். மேலே கொஞ்சம் எண்ணெய் மிதக்க வேண்டும். வறுத்து அரைத்த மசாலா மணக்க வேண்டும். சோற்றில் ஊற்றினால் ஓடாமல் நிற்கிற கெட்டித்தன்மை வேண்டும். சாம்பாரில் பருப்பின் கெட்டித்தன்மை உண்டு, மற்ற மூன்றும் குறைவு. தட்டு தள்ளப்படுவதற்குக் காரணம் அதுதான். ஆகவே கறிக்கு மாற்று என்ன என்று ஒரே பொருளைத் தேடாதீர்கள். இந்த நான்கையும் எந்தெந்த டப்பா தரும் என்று பாருங்கள்.

கடிபட மீல்மேக்கர் இருக்கிறது. அது சோயாவிலிருந்து எண்ணெயைப் பிரித்த பிறகு மிஞ்சும் மாவைச் சூட்டில் அழுத்திப் பிதுக்கிச் செய்வது. 100 கிராமில் சுமார் 52 கிராம் புரதம் இருக்கும். கொழுப்பு மிகக் குறைவு. கறியில் இருந்து இறங்கும் கொழுப்பு இதில் இறங்காது என்பதால் எண்ணெயை நீங்கள்தான் கொடுக்க வேண்டும். மீல்மேக்கர் குழம்பு சப்பென்று இருக்கிறது என்று சொல்லும் வீடுகளில் பெரும்பாலும் எண்ணெயில்தான் கை சுருங்கியிருக்கும். மசாலாச் சாமான்களின் வாசம் தண்ணீரைவிட எண்ணெயில்தான் நன்றாக இறங்கும். நான்கு பேருக்கான குழம்புக்கு 3 மேஜைக்கரண்டி நல்லெண்ணெயோ கடலை எண்ணெயோ கணக்கு.

இனி செய்முறை. வீட்டுக்கு வந்ததும் அரிசியைக் களைந்து ஊறவையுங்கள். பக்கத்தில் தண்ணீரைக் கொதிக்கவைத்து, ஒரு தேக்கரண்டி உப்புப் போட்டு, 100 கிராம் மீல்மேக்கரை அதில் கொட்டி 10 நிமிடம் மூடி வையுங்கள். பிறகு பச்சைத் தண்ணீரில் அலசி, கையால் ஒட்டப் பிழியுங்கள். இன்னொரு தடவை தண்ணீர் ஊற்றி மறுபடியும் பிழியுங்கள். சோயா வாடை அந்தத் தண்ணீரோடு போய்விடும். பிழிந்த இடத்தில்தான் மசாலா போய் உட்காரும். தண்ணீரோடு விட்டால் குழம்பு வெளியே, மீல்மேக்கர் தனியே என்று நிற்கும். பெரிய உருண்டைகளை இரண்டாக நறுக்கிக்கொள்ளுங்கள்.

மீல்மேக்கர் ஊறுகிற நேரத்தில் மசாலாவை வறுத்துவிடலாம். ஒரு தேக்கரண்டி எண்ணெயில் மல்லி 2 மேஜைக்கரண்டி, வரமிளகாய் 6, சோம்பு 1 தேக்கரண்டி, மிளகும் சீரகமும் அரை அரைத் தேக்கரண்டி, சின்னத் துண்டுப் பட்டை, கிராம்பு 2. மல்லி நிறம் மாறி மணம் வந்ததும், சின்ன வெங்காயம் பத்துப் பன்னிரண்டு, பூண்டு 6 பல் போட்டு வெங்காயத்தின் ஓரம் சிவக்கும்வரை வதக்குங்கள். இங்கே அவசரம் கூடாது. தக்காளி இல்லாத குழம்புக்கு ஆழமான சுவை தரப்போவது இந்தச் சிவந்த வெங்காயம்தான்.

தேங்காய்க்குப் பதிலாக 2 மேஜைக்கரண்டி பொட்டுக்கடலை. அடுப்பை அணைத்துவிட்டு கடைசியில் சேருங்கள். அது ஏற்கெனவே வறுபட்டது, மறுபடி வறுக்கத் தேவையில்லை. ஆறியதும் எல்லாவற்றையும் மை போல அரைத்தெடுங்கள். தேங்காயின் கெட்டித்தன்மையைப் பொட்டுக்கடலை கொடுத்துவிடும். இனிப்பையும் எண்ணெய்ப் பசையையும் கொடுக்காது. ஒரு கைப்பிடி நிலக்கடலையை வறுத்துத் தோல் நீக்கிச் சேர்த்து அரைத்தால் அந்தக் குறையும் பெருமளவு தீரும்.

தக்காளிக்குப் பதில் புளி. ஆனால் நெல்லிக்காய் அளவுக்கு மேல் வேண்டாம். அதற்கு மேல் போனால் குழம்பு புளிக்குழம்பு ஆகிவிடும், பையன்கள் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள். தக்காளியில் புளிப்போடு ஓர் இனிப்பும் உண்டு. அதற்காக மிளகு அளவு வெல்லம் போதும்.

மீதி எண்ணெயைச் சூடாக்கி, சோம்பும் கறிவேப்பிலையும் தாளித்து, பிழிந்த மீல்மேக்கரை மஞ்சள் தூள், உப்போடு 4, 5 நிமிடம் வறுங்கள். ஆங்காங்கே பொன்னிறமாகட்டும். நிறையப் பேர் இந்த இடத்தைத் தாண்டி, ஊறியதை நேராகக் குழம்பில் போடுகிறார்கள். அப்படிப் போட்டால் தொளதொளவென்று ஆகிவிடும். பிறகு அரைத்த விழுது, மூன்று தம்ளர் தண்ணீர் விட்டு 8 நிமிடம் மிதமான தீயில் கொதிக்கட்டும். பச்சை வாடை போனதும் புளித்தண்ணீர், வெல்லம் சேர்த்து இன்னும் 5 நிமிடம். எண்ணெய் ஓரத்தில் பிரிந்ததும் இறக்குங்கள். பொட்டுக்கடலை ஆற ஆற இறுகும், அதனால் வேண்டியதைவிடக் கொஞ்சம் தண்ணியாகவே இறக்க வேண்டும்.

பாக்கெட்டில் மீல்மேக்கர் மிஞ்சியிருந்தால் மறுநாளைக்கு உங்கள் பக்கத்து ஊர் முறையே இருக்கிறது. பள்ளிபாளையம் சிக்கனில் மசாலாப் பொடிக்கு வேலை இல்லை. கிள்ளிய வரமிளகாய், நிறையச் சின்ன வெங்காயம், கறிவேப்பிலை, மஞ்சள், தேங்காய்ப் பல், அவ்வளவுதான். கோழிக்குப் பதில் மீல்மேக்கரைப் போடுங்கள். தேங்காய்ப் பல்லுக்குப் பதில் உடைத்த நிலக்கடலையைக் கடைசியில் தூவுங்கள். வெறும் பாசிப்பருப்பு மசியலோடு இதைத் தொட்டுக்கொள்ளக் கொடுத்தால் தட்டு தள்ளப்படாது.

கேள்வி: கொண்டைக்கடலை, மொச்சை, தட்டைப்பயறு எல்லாம் டப்பாவில் இருக்கின்றன. ஆனால் காலையில் ஊறவைக்க மறந்துவிடுகிறேன். சாயங்காலம் நினைவு வந்து என்ன பயன்?
– ஒரு வாசகி, மதுரை

பதில்: மறக்கிறவர்களுக்கென்றே சில பயறுகள் இருக்கின்றன. பாசிப்பருப்பு, மைசூர் பருப்பு இரண்டும் ஊறாமலே கால் மணி நேரத்தில் வெந்துவிடும். பச்சைப்பயறை வெறும் வாணலியில் வாசம் வரும்வரை வறுத்து, குக்கரில் 5 விசில் விட்டால் மசிந்துவிடும். வெங்காயம், பூண்டு, பச்சை மிளகாய், சீரகம் சேர்த்துக் கடைந்தால் கொங்கு நாட்டுப் பச்சைப்பயறு கடைசல். தட்டைப்பயறும் இதே வழிதான், ஒரு விசில் கூட வைத்துக்கொள்ளுங்கள். கத்தரிக்காய் ஒன்று இருந்தாலும் போதும், காரக்குழம்பு வைத்துவிடலாம்.

கொண்டைக்கடலைக்கு ஒரு குறுக்குவழி உண்டு. நிறையத் தண்ணீரில் போட்டு 3 நிமிடம் தளதளவென்று கொதிக்கவிட்டு, அடுப்பை அணைத்து, ஒரு மணி நேரம் மூடி வையுங்கள். அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் உப்பு சேர்த்து 8 விசில். எட்டு மணி நேரம் ஊறிய கடலை அளவுக்குப் பூப்போல வேகாது, குழம்புக்குப் போதும். காய்ந்த மொச்சைக்கு இது சரிப்படாது. அதை மறந்த அன்றைக்கு மறந்ததாகவே விட்டுவிட்டு, ராத்திரி ஊறவைத்து நாளைக்குச் செய்யுங்கள்.

ராஜ்மாவில் மட்டும் குறுக்குவழி எதுவும் வேண்டாம். அதில் இயற்கையாகவே ஒரு நச்சுப்பொருள் இருக்கிறது. நன்றாக ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டி, முழுக்க வேகவைத்தால்தான் அது அழியும். அரைவேக்காட்டில் சாப்பிட்டால் வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும்.

எந்தப் பயறாக இருந்தாலும் புளி, தக்காளி, எலுமிச்சை ஆகியவற்றை வெந்த பிறகே சேருங்கள். புளிப்பு முன்னாலேயே சேர்ந்தால் பயறின் தோல் இளகாது. எத்தனை விசில் விட்டாலும் நறுக்கென்றே நிற்கும். உப்புத் தண்ணீர் வரும் ஊர்களிலும் பருப்பு வேகத் தாமதமாகும். குடிக்கப் பிடிக்கும் நல்ல தண்ணீரில் வேகவைத்துப் பாருங்கள், வித்தியாசம் தெரியும். சமையல் சோடா ஒரு சிட்டிகை போட்டால் சீக்கிரம் வேகும்தான்; அதிகமானால் சோப்பு மாதிரி ஒரு சுவை வந்துவிடும்.

விடுமுறை நாளில் அரைக் கிலோ கடலையை ஊறவைத்து வேகவைத்து, வடித்து, சிறு டப்பாக்களில் பிரித்து ஃப்ரீசரில் வைத்துவிடுங்கள். அப்புறம் மறதி ஒரு பிரச்சினையே இல்லை.

கேள்வி: தேங்காய் விற்கிற விலைக்குத் தினமும் உடைக்க முடியவில்லை. எல்லாச் சமையலுக்கும் பொருந்துகிற ஒரு மாற்று சொல்லுங்களேன்.
– ஒரு வாசகி, சென்னை

பதில்: எல்லாவற்றுக்கும் ஒரே மாற்று என்று ஒன்று கிடையாது, ஏனென்றால் தேங்காய் ஒவ்வொரு பதார்த்தத்திலும் ஒவ்வொரு வேலை செய்கிறது.

சட்னியில் அது அளவைக் கூட்டுகிறது. அங்கே பொட்டுக்கடலை அல்லது வறுத்த நிலக்கடலை, கொஞ்சம் புளி, பூண்டு சேர்த்து அரைத்தால் இட்லிக்குக் குறையே தெரியாது.

குருமாவில் அது வெண்மையும் வழவழப்பும் தருகிறது. முந்திரி பத்து, கசகசா ஒரு தேக்கரண்டி, இரண்டையும் வெந்நீரில் கால் மணி நேரம் ஊறவைத்து அரையுங்கள். முந்திரியும் கட்டுப்படியாகாது என்றால் பொட்டுக்கடலையும் கசகசாவும். நிறம் சற்று மங்கும், சுவை கெடாது.

பொரியலில் தேங்காய்ப்பூ வாய்க்குப் பூவாகத் தட்டுப்படத்தான். பாசிப்பருப்பை மலர வேகவைத்து, குழையாமல் வடித்துத் தூவுங்கள். அவரைக்காய், முட்டைக்கோஸ், கீரைத்தண்டு எல்லாவற்றுக்கும் ஒத்துவரும். வறுத்த நிலக்கடலையைக் கொரகொரப்பாகப் பொடித்துப் போட்டாலும் சரி.

கூட்டில் பருப்பே பாதி வேலையைப் பார்த்துவிடும். ஒரு தேக்கரண்டி அரிசியை ஊறவைத்துச் சீரகம், மிளகாயோடு அரைத்து விடுங்கள்; நல்ல தேங்காயெண்ணெயில் தாளித்தால் வாசத்துக்கு வாசமும் ஆயிற்று.

திருநெல்வேலிச் சொதியை மட்டும் விட்டுவிடுங்கள். அதன் உயிரே தேங்காய்ப்பால். முந்திரிப்பால், பசும்பால் எதை ஊற்றினாலும் அது வேறொரு பண்டம். தேங்காய் வாங்குகிற அன்றைக்குச் சொதி வைத்துக்கொள்ளலாம்.

கேள்வி: தக்காளி தீர்ந்துபோனால் எனக்குக் கையே ஓடுவதில்லை. புளியைத் தவிர வேறு வழி?
– ஒரு வாசகர், தஞ்சாவூர்

பதில்: நம் ஊருக்குத் தக்காளி வந்து சில நூற்றாண்டுகள்தான் ஆகின்றன. அதற்கு முன்னும் இங்கே சமைத்தார்கள், சாப்பிட்டார்கள், பயப்படாதீர்கள்.

ரசத்துக்கு எலுமிச்சை. பாசிப்பருப்புத் தண்ணீரில் மிளகு, சீரகம், இஞ்சி தட்டிப் போட்டு நுரை கட்டியதும் இறக்கி, அதன் பிறகுதான் சாறு பிழிய வேண்டும். அடுப்பில் இருக்கும்போது பிழிந்தால் கசக்கும். குருமா, பிரியாணி போன்றவற்றுக்குத் தயிர். அரைக் கிண்ணம் தயிரில் ஒரு தேக்கரண்டி கடலை மாவு கலந்து கட்டியில்லாமல் அடித்து, தீயைக் குறைத்து, கிளறிக்கொண்டே ஊற்றுங்கள். மாவு சேர்ந்தால் தயிர் திரியாது. கூட்டு, பருப்புக்கு மாங்காய் காலத்தில் மாங்காய், மற்ற காலத்தில் மாங்காய் வற்றல். வற்றலில் உப்பு இருக்கும், எனவே குழம்புக்கு உப்புப் போடுமுன் ருசி பாருங்கள்.

தக்காளித் தொக்கு மட்டும் தக்காளி இல்லாமல் வராது. அந்த இடத்தில் வெங்காயத் தொக்கு வையுங்கள்.

கேள்வி: புரட்டாசிச் சனிக்கிழமை எங்கள் வீட்டில் வெங்காயமும் பூண்டும் சேர்ப்பதில்லை. அன்றைக்குக் காயும் இல்லாமல் போனால் என்ன செய்வது?
– ஒரு வாசகி, திருச்சி

பதில்: வெங்காயமும் பூண்டும் போனால் அந்தக் காரமான வாசனை போகும், குழம்பின் கெட்டியும் போகும். வாசனைக்குப் பெருங்காயம். கொதிக்கிற குழம்பில் தூவாமல் காய்ந்த எண்ணெயில் பொரித்துச் சேருங்கள், அப்போதுதான் பச்சை நெடி போய் மணக்கும். கடையில் வாங்கும் தூளில் பெரும்பாலும் மாவு கலந்திருக்கும். கோதுமை ஒத்துக்கொள்ளாதவர்கள் வீட்டில் இருந்தால் உறையைப் படித்து வாங்குங்கள்.

கெட்டிக்கு, கொஞ்சம் துவரம்பருப்பையும் மல்லியையும் வறுத்து அரைத்துவிடுங்கள். காயே இல்லாத நாளுக்கு வத்தக்குழம்பு இருக்கிறது. சுண்டைக்காய் வத்தலோ மணத்தக்காளி வத்தலோ நல்லெண்ணெயில் பொரித்து, புளிக்கரைசலில் கொதிக்கவிட்டால் அரை மணி நேரம். வத்தலும் தீர்ந்துவிட்டதா? அப்பளத்தை நாலாகக் கிள்ளி அதே எண்ணெயில் பொரித்து, குழம்பை இறக்குகிற நேரத்தில் போடுங்கள். அப்பளக் குழம்பு நம் பாட்டிமார்களுக்குப் பழக்கமான சமையல்தான். அப்பளத்தில் உப்பு இருப்பதால் குழம்பில் உப்பைக் குறைத்துப் போட வேண்டும். குழம்பில் புரதம் அதிகம் இல்லாததால், பக்கத்தில் ஒரு பருப்புத் துவையலோ கெட்டித் தயிரோ வைத்துவிடுங்கள்.

கேள்வி: பெங்களூரில் நண்பர்களோடு அறை எடுத்துத் தங்கியிருக்கிறேன். ஒரு இண்டக்‌ஷன் அடுப்பு, ஒரு சின்ன குக்கர், ஒரு வாணலி. தினமும் வெளியில் சிக்கன் வாங்கிக் கையைக் கடிக்கிறது. வாரத்தில் மூன்று நாளாவது சைவமாக நானே சமைக்கலாம் என்றிருக்கிறேன். என்னென்ன வாங்கி வைக்க வேண்டும்?
– ஒரு வாசகர்

பதில்: தம்பி, பெரிய பட்டியல் வேண்டாம். அரிசி, பாசிப்பருப்பு, மீல்மேக்கர், கடலை மாவு, பொட்டுக்கடலை, புளி, குழம்பு மிளகாய்த்தூள், சோம்பு, மிளகு, சீரகம், வரமிளகாய், எண்ணெய். இவற்றோடு வெங்காயமும் பூண்டும். இவை இருந்தால் மூன்று இரவுக்குக் கவலை இல்லை.

முதல் இரவு, குக்கரிலேயே ஒரு சாதம். எண்ணெயில் சோம்பு தாளித்து, வெங்காயம், பூண்டு வதக்கி, ஊறப்போட்டுப் பிழிந்த மீல்மேக்கர் ஒரு கைப்பிடி, மிளகாய்த்தூள் ஒன்றரைத் தேக்கரண்டி போட்டு வதக்கு. ஒரு தம்ளர் பொன்னி அரிசிக்கு இரண்டேகால் தம்ளர் தண்ணீர், உப்பு. மூன்று விசில். ஆவி அடங்கும்வரை மூடியைத் திறக்காதே.

இரண்டாவது இரவு, கடைச் சப்பாத்தியோ தோசையோ வாங்கிக்கொண்டு, தொட்டுக்கொள்ளக் கடலை மாவுக் குழம்பு. பாம்பே சாம்பார் என்று சில வீடுகளில் சொல்வது இதைத்தான். 3 மேஜைக்கரண்டி மாவை இரண்டரைத் தம்ளர் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்துவை. வெங்காயம், மிளகாய் வதங்கியதும் ஊற்றி, கிளறிக்கொண்டே 8 நிமிடம் கொதிக்கவிடு. பச்சை மாவு வாடை போவதுதான் பதம். கடைசியில் எலுமிச்சையோ துளிப் புளியோ.

மூன்றாவது இரவு, அரிசியும் பாசிப்பருப்பும் சேர்த்துக் குழைய வேகவைத்து, மிளகு, சீரகம் தாளித்த பொங்கல். பொட்டுக்கடலையை வரமிளகாய், பூண்டு, துளிப் புளியோடு அரைத்தால் சட்னி. மிக்ஸி இல்லையென்றால் கடையில் இட்லிப்பொடி வாங்கி எண்ணெயில் குழைத்துக்கொள்.

உனக்கும், மேலே கேள்வி கேட்ட எல்லோருக்கும் பொதுவாக ஒன்று சொல்ல வேண்டும். வேலை முடிந்து பசியோடு வந்த இரவில் புதுச் சமையல் எதையும் முயற்சி செய்யாதீர்கள். அதற்கு ஞாயிற்றுக்கிழமை இருக்கிறது. வாரநாளில் கைக்குப் பழகிய ஒரு குழம்பை எடுத்து, அதில் இல்லாத பொருளை மட்டும் மாற்றுங்கள். ஒரு பொருளை மாற்றினால் யாருக்கும் தெரியாது, இரண்டை மாற்றினால் சமாளிக்கலாம், மூன்றோ அதற்கு மேலோ மாற்ற வேண்டியிருந்தால் அன்றைக்குத் திருப்பூர் வாசகியைப் போல ஒவ்வொன்றின் வேலையையும் நினைத்துப் பார்த்துச் செய்ய நேரம் ஒதுக்குங்கள். நேரமும் இல்லையென்றால் வெறும் பருப்புச் சோறும் பொரித்த அப்பளமும் போதும். அதுவும் முழுச் சாப்பாடுதான்.